வேம்பைச் சுற்றிய கீரைக்கடை

எங்கள் வீட்டில் சமையல் மனைவியுடையது, சந்தை என்னுடையது. காரைக்குடிச் சந்தைத் திடலில் எனக்குக் கீரை கொடுக்க இரண்டு அக்காமார் இருந்தார்கள். ஒருவர் பள்ளத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார், மற்றவர் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து. இருவருக்கும் நடுவே இடுப்பளவு சிமெண்டுச் சுவர். பேச்சுவார்த்தையும் கிடையாது. எப்போதோ ஒருவர் கீரைக்குத் தெளித்த தண்ணீர் மற்றவரின் சாப்பாட்டுத் தூக்கில் விழுந்ததாம்.

எனக்கு அந்தச் சுவர் ரொம்ப வசதி. பள்ளத்தூர் அக்காவிடம், "அங்குட்டு கீரையில ஒரே மண்ணுக்கா" என்பேன். அவர் மனம் குளிர்ந்து கொஞ்சம் கொத்தமல்லி சேர்த்துப் போடுவார். அப்படியே சுவரைச் சுற்றிப் போய்த் திருப்பத்தூர் அக்காவிடம், "அங்கே எல்லாம் வாடல்" என்பேன். கறிவேப்பிலை வரும். மனைவி என் சாமர்த்தியத்தை ஒருநாளும் மெச்சியதில்லை. "எதுக்கு தினமும் ரெண்டு கீரை?" என்று மட்டும் கேட்பாள்.

பிறகு திடலையே மாற்றப்போவதாக நகராட்சியிலிருந்து சொன்னார்கள். சுவர்களும் தகரக் கொட்டகையும் போய்விடும், வண்டிகள் வெளியே நிற்கும், உள்ளே மரமும் கல் இருக்கைகளும். வரைபடம் போட்ட பெண் மதுரையிலிருந்து வந்திருந்தார், சின்ன வயது. வியாபாரிகளைக் கூட்டிவைத்துப் படத்தை விரித்துக் காட்டினார். மரமெல்லாம் பச்சைக் குடை விரித்தது போல இருந்தது.

"இம்புட்டு நெழலு எப்ப தாயி வரும்?" என்றார் பள்ளத்தூர் அக்கா.

"புங்கன் சீக்கிரமா வளந்துரும்மா. நாலஞ்சு வருஷம்."

"அதுவரைக்கும் இந்தப் படத்தையா தலைக்குமேல பிடிச்சுக்கிட்டு உக்காருறது?" என்றார் திருப்பத்தூர் அக்கா.

கூட்டமே சிரித்தது. பள்ளத்தூர் அக்காவும் சிரித்துவிட்டு, சொன்னது யார் என்று உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலை முடிந்து திறந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம், கொட்டகைக்குப் பின்னால் அப்படியொரு வேப்பமரம் இருந்ததா என்று. அதுவரை பஞ்சர் கடைக்காரர் டயர் மாட்ட மட்டும் அது பயன்பட்டிருந்தது. இப்போது அதுதான் திடலின் நடு. சுற்றிலும் வட்டமாகக் கல் இருக்கை. வியாபாரிகளுக்குத் தரையில் கட்டம் பிரித்து, கட்டத்துக்கு ஒரு புங்கங்கன்று வைத்திருந்தார்கள். கன்று முழங்கால் உயரம். அக்காமாருக்கு எதிரெதிர் மூலை.

சித்திரை வெயிலில் கட்டத்துக் கல் தோசைக்கல்லானது. முதலில் பள்ளத்தூர் அக்கா சாக்கை இழுத்துக்கொண்டு வேம்படிக்கு வந்தார். மறுநாள் திருப்பத்தூர் அக்காவும் வந்தார். ஆனால் நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லையே. காலையில் மேற்கே, சாயங்காலம் கிழக்கே என்று இரண்டு சாக்குகளும் மரத்தைச் சுற்றின. எந்தப் பக்கம் போய் நிற்பது என்று மணி பார்த்துத்தான் நான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. உச்சிப்பொழுதில் நிழல் சுருங்கியதும் இருவரும் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு மதியம் திருப்பத்தூர் அக்கா கண்ணயர்ந்துவிட, ஒரு மாடு அவருடைய அரைக்கீரையை நோக்கி வந்திருக்கிறது. "ஏத்தா, மாடு மேயுது பாரு!" என்று பள்ளத்தூர் அக்கா கத்தினாராம். மாடு போய்விட்டது. பேச்சு நிற்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல் நான் ஒரு சாயங்காலம் பையோடு போய் நின்றேன்.

"வாங்க தம்பி. யாருகிட்ட வாங்கப் போறீக?" என்றார் பள்ளத்தூர் அக்கா.

"ரெண்டு பேருகிட்டயும்தான்க்கா."

"எங்கீரையில மண்ணா இருக்குமே, பரவாயில்லையா?" என்றார் திருப்பத்தூர் அக்கா.

"என்னுது வாடலாம்ல" என்றார் பள்ளத்தூர் அக்கா.

நான் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தேன். கல் இருக்கையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"அது... என்னைக்கோ ஒருநாள் சொன்னதுக்கா."

"போன வாரங்கூடச் சொன்னீகளே!"

இருவரும் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன், வேறு வழியில்லை. கொத்தமல்லி கேட்டதற்கு, "அது தனிக்கட்டு தம்பி, வாங்கிக்கிருங்க" என்றார்கள்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் அதுவரை சந்தைப் பக்கமே வராத மனைவி, காற்று நன்றாக இருக்கிறதென்று அங்கே வரத் தொடங்கினாள். முதல் நாளே எல்லாம் தெரிந்துகொண்டாள். இப்போது அவள் கல் இருக்கையில் உட்கார்ந்து அக்காமாரோடு பேசுவாள், நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சில வாரம் கழித்து அந்த மதுரைப் பெண் பார்க்க வந்தார். கட்டங்கள் காலி. சந்தை மொத்தமும் வேம்படியில் நெருக்கியடித்துக் கிடந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"கட்டம் சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கு தாயி. கன்னு பெருசாகட்டும், போயி உக்காந்துக்கிருறோம்" என்ற திருப்பத்தூர் அக்கா, நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் விட்டார். பள்ளத்தூர் அக்கா ஒரு கட்டு முருங்கைக்கீரையை அவர் மடியில் வைத்தார்.

"ஐயோ, நான் ஊருக்குப் பஸ்ல போகணும்மா."

"பஸ்ஸுல கீரைய ஏத்த மாட்டாகளாக்கும்?"

கடைசியில் மதுரைப் பஸ்ஸின் ஜன்னலோரத்தில், சுருட்டிய வரைபடத்தையும் முருங்கைக்கீரையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் போனார். என் மனைவி கையசைத்தாள்.