உள்ளேயிருந்து கறுத்த பல்

வடசென்னைத் துறைமுகத்தை ஒட்டிய எர்ணாவூரில் எங்கள் வீட்டில் எதையும் வெள்ளையாக வைத்துக்கொள்ள முடியாது. காலையில் துடைத்த சாமி படத்தின் மேல் சாயங்காலம் விரலால் கோடு போடலாம். கொடியில் காயும் வேட்டி, எடுத்து மடிப்பதற்குள் மங்கிவிடும். கரித்தூளா, லாரிப் புகையா என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. அதனால்தான் என் மனைவியின் முன்பல் ஒன்று கறுக்க ஆரம்பித்தபோது நாங்கள் அதை வியாதியாக நினைக்கவில்லை. தூசு என்று நினைத்தோம்.

முதலில் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண். "இன்னாக்கா, பல்லுல கரி ஒட்டிக்கினு கீது?"

"நம்மூரு காத்து வெளக்கையே கருக்குது. என் பல்ல மட்டும் வுட்டுடுமா?" என்று இவள் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தாள்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் திருவிளக்கு பூஜை நடக்கும். இவள்தான் எல்லாருக்கும் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு போற்றியாகச் சொல்வாள். மற்ற பெண்கள் திருப்பிச் சொல்வார்கள். பூஜைக்கு முன்னால் கோயில் விளக்குகளைத் துலக்குவதும் இவள்தான். எலுமிச்சம்பழ மூடியை உப்பில் தொட்டுத் தேய்த்து, அப்புறம் சலித்த சாம்பலைப் போட்டால் பித்தளை தங்கம் மாதிரி வந்துவிடும். அதே கையால், அதே மாதிரி, தன் பல்லையும் தேய்க்க ஆரம்பித்தாள். அதற்கு வேண்டிய எலுமிச்சம்பழம் நான்தான் வாங்கி வருவேன்.

பல் வெளுக்கவில்லை. கறுப்பு ஏறிக்கொண்டே போனது. பச்சைத் தண்ணீர் பட்டால் பக்கத்துப் பற்கள் கூசின. பேசும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, துலக்கிய விளக்குகளைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கோயிலுக்குப் போவல?" என்றேன்.

"நீ போய்ச் சொல்லு போற்றி. அல்லாரும் அம்மனைப் பாக்காம என் பல்லையே பாத்துகினு கீறாங்க."

"அம்மன் உன்னப் பாத்தா போதும்."

"அவளும் பாத்துகினுதான கீறா. இன்னா பண்ணா?"

அப்படிப் பேசுகிறவள் இல்லை அவள். பல் போனால் போகட்டும், இவளுக்கும் அம்மனுக்கும் இருக்கிற பேச்சுவார்த்தை நின்றுபோய்விடுமோ என்றுதான் பயந்தேன். நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில் லீவு சொல்லிவிட்டு, மறுநாளே திருவொற்றியூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். இவள் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். "பாருங்கம்மா. தூசுன்னா எல்லாப் பல்லுலயும்தானே படியும்? இது மட்டும் ஏன் கறுத்திருக்கு? எப்பவாவது இதுல அடிபட்டுச்சா?"

"இல்லியே" என்றவள், மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அடி பம்பு கைப்பிடி ஒரு வாட்டி வாயில அடிச்சிது. பெரிய பொண்ணு வயித்துல இருக்க சொல்லோ. பல்லு ஆடக்கூட இல்லம்மா."

அந்தப் பெரிய பெண்ணுக்கே இப்போது குழந்தை இருக்கிறது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். பல்லின் நடுவில் நூல் மாதிரி ஒரு வழி தெரிந்தது. அதற்குள்தான் நரம்பும் ரத்தமும் இருக்குமாம். அன்றைக்குப் பட்ட அடியில் அது செத்துப்போயிருக்கிறது. உள்ளே கசிந்த ரத்தம் பல்லின் சுவரில் ஊறி, இத்தனை வருஷத்தில் மெல்ல மெல்ல வெளியே தெரிந்திருக்கிறது. எலுமிச்சையும் உப்பும் சாம்பலும் மற்ற பற்களின் மேல்பூச்சைத் தேய்த்துவிட்டன, கூச்சம் அதனால்தான் என்றார்.

பல் என்றால் கல் மாதிரி ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். விளக்குத் திரியைவிட மெல்லிய இடத்தில் அம்மன் உயிரை வைத்திருக்கிறாள். பட்ட அடியை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம், பல் மறக்கவில்லை. அந்தப் படத்தைக் கும்பிட்டுவிடுவேனோ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"புடுங்கணுமாம்மா?" என்று கேட்டாள் இவள்.

"வேணாம். வேர் கெட்டியா இருக்கு."

பல்லின் பின்பக்கம் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே செத்ததை எடுத்து, வேரை அடைத்தார். அப்புறம் வெளுக்கிற மருந்தை உள்ளே வைத்து மூடி அனுப்பினார். இனிமேல் எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது, மெத்தென்ற பிரஷ் போதும் என்றார். பக்கத்துப் பல்லைப் போல அச்சாக வராது, சில வருஷத்தில் திரும்ப மங்கினாலும் மங்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

காலையில் எழுந்ததும் அவளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்துவேன். "பல்லக் காட்டு."

"காலங்காத்தால இன்னா இது, சந்தையில மாடு புடிக்கிற மாதிரி?" என்பாள். ஆனால் காட்டுவாள்.

முதலில் நீலம் ஓடிய சாம்பல் நிறம். பிறகு டீ பட்ட துணியின் நிறம். டாக்டர் மருந்தை மாற்றி வைத்த பிறகு இளமஞ்சள். கடல் பக்கம் விடியும்போது எந்த இடம் முதலில் வெளுத்தது என்று சொல்ல முடியாதே, அப்படி. வெளியிலிருந்து யாரும் தேய்க்காமல் உள்ளேயிருந்தே வெளுத்துவந்தது. தினமும் பார்த்தும் எனக்கு அது பழகவே இல்லை.

பல் வெளுத்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, நான் சொல்லாமலே கோயிலில் எல்லாருக்கும் எதிரில் போய் உட்கார்ந்து போற்றியை ஆரம்பித்தாள். பாதியில் பக்கத்து வீட்டுப் பெண் குரல் கொடுத்தாள்: "யக்கா, சொன்னதையே சொல்ற."

இவள் வாயை மறைக்காமல் சிரித்தாள். "ரொம்ப நாள் கழிச்சி வந்துகீறேன். ரெண்டு வாட்டி கேட்டா அம்மனுக்குக் கசக்குமா?" என்றுவிட்டு அடுத்த போற்றிக்குப் போனாள். பெண்கள் எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். ஆண்கள் பக்கத்தில் நின்றிருந்த நானும் அவர்களோடு சேர்ந்து சொன்னேன்.