மேனேஜரின் வலது கண்

என் சித்தியைத் தெருவில் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் தலையை அண்ணாந்துகொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சித்தி பத்தொன்பது வருஷமாகக் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுகிறவள். டாக்டர் உள்ளே பார்ப்பதற்கு முன் கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு. "மேல பாருங்க. மூடுங்க. வெளில உக்காருங்க." தினமும் அறுபது எழுபது பேரிடம் இதேதான். காய்கறிக் கடைக்காரர் அவளைக் கண்டால் கூரையைப் பார்த்துக்கொண்டே எடை போடுவார்.

அப்படிப்பட்டவள் வளர்க்கும் பூனைக்குக் கண்ணில் கோளாறு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சித்தி மூச்சு விடவில்லை. ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் பெட்டியோடு போய் இறங்கியபோது, எப்படி இருக்கிறாய் என்றுகூட அவள் கேட்கவில்லை.

"வாடி. முதல்ல இவன் கண்ணைப் பாரு."

பூனையின் பெயர் மேனேஜர். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும், தான் ஒன்றும் செய்யாது என்பதால் சித்தப்பா வைத்த பெயர். அதன் இடது கண்ணில் பாப்பா கோடு கிழித்தாற்போல் மெல்லிசாக இருந்தது. வலது கண்ணிலோ சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்து கிடந்தது. ஒரு கண் என்னைச் சந்தேகப்பட்டது, இன்னொன்று என்னைப் பார்த்துத் திகைத்தது.

"ஒரு ஹெட்லைட் ஹைபீம்ல மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்" என்றார் பஸ் ஓட்டுகிற சித்தப்பா.

"உங்க பஸ்ஸா இது, தட்டினா சரியாப் போக?"

"பெரிய கண்ணுதான் கெட்டதுன்னு யாரு சொன்னா? சின்னது சுருங்கிப் போயிருக்கலாம்ல?"

வீட்டில் இப்படி இரண்டு கட்சி இருந்தது. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத வியாதி என்பதால் இரண்டு கட்சிக்கும் நானே தொண்டர். குளியலறை விளக்கை அணைத்து, போட்டு, அணைத்து, பூனை முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அசைந்தது சின்னக் கண்தான். சித்தப்பா தோற்றார். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் ஒரே அளவாகின. "ஞாயித்துக்கிழமைன்னா நோய்க்கே லீவு போல" என்று அவர் மறுபடி தெம்பானார். திங்கள் சாயங்காலம் பொத்தான் திரும்பிவிட்டது.

சித்தி சிரிக்கவில்லை. போன சனிக்கிழமை மிருக டாக்டர் சொன்னது அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது: உள்ளே கட்டி இருக்கலாம், வருகிற சனிக்கிழமையும் இப்படியே இருந்தால் கண்ணை எடுத்துவிடலாம்.

"எத்தனை பேரு கண்ணு இந்தக் கையால..." என்று ஆரம்பித்துவிட்டு, மேனேஜருக்கு மாத்திரை கொடுக்கப் போவாள். காலையும் மாலையும் இரண்டு மாத்திரை. சித்தப்பா பிடித்துக்கொள்ள, சித்தி வாயைத் திறக்க, மேனேஜர் இருவர் கையிலும் கையெழுத்துப் போடும்.

வேலையிலிருந்து வந்ததும் சித்தி தன் நீலக் கோட்டை சோபாவில் எறிவாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவாமல் பூனையைத் தொட மாட்டாள். அவள் கழுவி முடிப்பதற்குள் மேனேஜர் கோட்டின் மேல் வலது கன்னத்தை அழுத்திப் படுத்திருக்கும். டாக்டரிடம் கொண்டுபோவதும் அதே கோட்டில் சுருட்டித்தான். கூடையைக் கண்டால் அலமாரிக்குப் பின்னால் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நான் முந்திக்கொண்டேன். பகலில் தூங்கி இரவில் விழிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சித்தி கோட்டை எறிந்ததும் அதைச் சுருட்டித் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தேன். மேனேஜர் எதிரே உட்கார்ந்து முறைத்தது. விழித்துப் பேப்பரை எடுத்தால் எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறினாற்போல் இருந்தது.

"சித்தி, விளக்கு ஏன் இப்படிக் கூசுது?"

அடுக்களையிலிருந்து வந்தவள் கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஐயோ! நீயுமா? உனக்கும் ஒரு கண்ணு பொத்தானாட்டம் விரிஞ்சிருக்கே!"

சித்தப்பா எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் மேனேஜர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "தொத்துவியாதின்னு அந்த டாக்டர் சொல்லவே இல்லையே!"

"நீங்க சும்மா இருங்க." சித்தி என் தாடையைப் பிடித்தாள். பத்தொன்பது வருஷத்துக் கை. "மேல பாரு. வலி இருக்கா?"

"இல்ல."

"தூரத்துல தெரியுதா?"

"தெரியுது."

"கிட்டத்துல மங்கலா இருக்கா?"

"ஆமா."

"அப்ப மருந்து வேலை செய்யுது. வெளில உக்காரு."

நான் நிஜமாகவே எழுந்து வாசலுக்கு நடந்தேன். சித்தியும் அடுத்த ஆளைத் தேடுகிறவள் மாதிரித் திரும்பினாள். அப்புறம்தான் இருவரும் நின்றோம்.

"என்னடி சொன்னேன் இப்ப?"

கோட்டின் வலது பையில் கைவிட்டாள். பஞ்சு. ஈரமும் காய்ந்ததுமாகப் பஞ்சு வந்துகொண்டே இருந்தது. சொட்டு விட்ட கையோடு வழிகிறதைத் துடைத்த பஞ்சுகள். குப்பைக்கூடை அறையின் அந்தக் கோடியில், வரிசை இந்தக் கோடியில். நடந்தால் வரிசை நீளும் என்று பையில் திணித்துக்கொள்வது அவள் கண்டுபிடித்த குறுக்கு வழி. அதற்காக மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியும் விடவில்லை. துடைத்த பஞ்சைக் கண்ட இடத்தில் வைக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவளும் அவள்தான்.

"வெளில வாங்க" என்று பின்னறைக் கதவைத் தட்டினாள். "தொத்தாது."

"அதை எழுதிக் குடு."

அன்றே கோட்டை வாளியில் ஊறப்போட்டாள். மேனேஜர் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சனிக்கிழமை மேனேஜரைச் சித்தப்பாவின் காக்கிச் சட்டையில் சுருட்டிக்கொண்டு போனோம். வழியில் சித்தி என்னிடம் சொன்னாள்: "இங்க பாரு, மாத்திரையில சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடலாம். வேற ஒண்ணும் வாயைத் திறக்காதே."

டாக்டர் டார்ச் அடித்தார். இரண்டு பாப்பாவும் ஒன்றாகச் சுருங்கின. மறுபடி அடித்தார். தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா? என் மாத்திரைதான். இனிமே நிறுத்தக் கூடாது. ஆயுசு முழுக்கக் குடுங்க, காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு."

சித்தி தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மேனேஜரின் கையெழுத்துகள். காக்கிச் சட்டைக்குள்ளிருந்து இரண்டு சமமான கண்கள் அவளைக் கவனித்தன.

"வேண்டாம் டாக்டர்" என்றாள். "கோட்டைத் துவைச்சிட்டேன்."

டாக்டர் பேனாவைத் திறந்து சீட்டில் அதை எழுதிக்கொண்டார்.