ஆற்றின் அந்தப் பக்கத்து ஷட்டர்

பழைய இரும்பு வாங்கும் வண்டி சென்னையில் எங்கள் தெருவுக்குக் காலையில் வரும். பழைய ஃபேன், பழைய பேட்டரி, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி என்று பதிவு செய்த குரல். நான்காவது மாடிக்கு வருவதற்குள் வார்த்தைகள் உதிர்ந்துவிடும். இழுவை மட்டும் ஏறி வரும். 'இதோ, உங்கள் வீடு தேடி வந்துகொண்டிருக்கிறார்' என்று அக்காவின் ஊர் வழியே போன பிரசார ஆட்டோவுக்கும் இதே இழுவைதான். காபி ஆறும்வரை பால்கனியில் நிற்பேன். வருத்தமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மரத்துப்போன காலை நாமே கிள்ளிப் பார்ப்போமே, அப்படி.

அக்காவின் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம், கடைமடை. காவிரி அங்கே வந்து சேரும்போது அதற்குக் காவிரி என்ற பெயர்கூட மிச்சமில்லை, வாய்க்கால்தான். ஊரை ஒட்டி ஒரு வடிகால் ஆறு கடலுக்குப் போகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதே ஆற்றின் வழியாகத் திரும்பி ஏறும். தடுக்க ஒரு ஷட்டர் உண்டு. அதன் அடிப்பலகை இற்றுப்போய் சில வருடங்களாகிவிட்டன. அக்கரை மேடு, தென்னந்தோப்பு, அவர்களுக்கு ஒன்றுமில்லை. இக்கரை பள்ளம், வயல். உப்புத்தண்ணீர் முழுக்க இங்கேதான். ஷட்டரை ஏற்றி இறக்கும் மேடையும் சாவியும் அக்கரையில். அந்த ஆறுதான் இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு எல்லை.

பள்ளத்தில் அக்காவுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அத்தான் போன பிறகு அவள்தான் பார்க்கிறாள். தேர்தல் வந்த அந்தச் சித்திரையில் நான் போயிருந்தபோது, தை அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து பாதிக்குமேல் முளைக்காமலே போயிருந்தது. வயல் வெள்ளையாகப் பூத்திருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகு. இறால் குட்டை போட நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் போனில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறை குட்டை வெட்டிவிட்டால் அப்புறம் அந்த மண்ணில் நெல் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"ஓட்டு கேட்டு வருவாங்கல்ல, ஷட்டரைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேங்க," என்று அவள் தவணை வாங்கியிருந்தாள்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வேட்பாளர் வண்டி சும்மா நிற்காது. ஆரத்தித் தட்டைக் கண்டால் நின்றே ஆக வேண்டும். நெற்றியில் பொட்டு வைக்கக் குனிகிற நேரம்தான் பேசுகிற நேரம். முதல் தட்டு யாருடையதோ அவருக்கு முதல் வார்த்தை. அக்கா தெருப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லி முதல் தட்டை வாங்கிவைத்திருந்தாள். காலையிலேயே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டு சிவந்து தயாராக இருந்தது. அரைமணிக்கு ஒருதரம் வெற்றிலையின் மேல் இருந்த சூடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முக்கு டீக்கடையில் சரவெடி வெடித்தது. கொடி வந்தது, பைக்குகள் வந்தன, திறந்த வண்டி வந்தது. எல்லோரும் எதிர்பார்த்த கொடி. ஆளின் முகம் யாருக்குத் தெரியும்? போஸ்டரில் தலைவர்கள் சுவரளவுக்கு இருப்பார்கள், வேட்பாளர் மூலையில் தபால்தலை அளவுக்கு.

வண்டி நின்றது. அவர் குனிந்தார். பொட்டு வைத்த விரலை எடுக்காமலே அக்கா பேசினாள். நான் கேட்டிராத வேகம். ஷட்டர், உப்பு, உளுந்து, "இந்த ஆடிக்குள்ள சரி பண்ணாட்டி நெல்லே கிடையாதுங்க ஐயா."

அவர் உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது. தலையை ஆட்டி, "கண்டிப்பா பண்ணிரலாம்மா" என்றார். அப்போது பின்னாலிருந்த ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் மாறவில்லை, குரல்தான் கொஞ்சம் இறங்கியது.

"அம்மா, நீங்க இந்தத் தொகுதி இல்லையா? நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன்மா. எங்க ரோட்டுல பாலம் வேலை நடக்குது, அதான் இப்படிச் சுத்திப் போறோம்."

"ஷட்டரும் அந்தப் பக்கந்தாங்க இருக்கு," என்றாள் அக்கா.

"ஷட்டர் எங்க பக்கம், சரி. வயல் உங்க பக்கமால்ல இருக்கு? எங்க சனத்துக்கு அது தேவைப்படலியேம்மா. உங்க ஆள் சாயந்தரம் வருவாரு, அவர்ட்ட சொல்லுங்க." கும்பிட்டார். வண்டி போனது. அக்கா ஆரத்தியை வழக்கம்போல ரோட்டில் கொட்டினாள். வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிட்டது.

டீக்கடை பாய் பத்து வருடம் துபாயில் இருந்து திரும்பியவர். கடையிலிருந்தே கூவினார்: "யக்கா, நாட்டுலயே ரெண்டு எம்.பி. இருக்கிற ஊரு நம்மளுதுதான்!"

"உன் வாயில சூடத்தைக் கொளுத்த! வெடி வெடிக்கையில உனக்காவது தெரியலயா?"

"என்னைக் கேட்டா? துபாய்ல ஒரு எம்.பி.யும் கிடையாது, தண்ணி மட்டும் கரெக்டா வரும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயந்தரம் பிரசார ஆட்டோ மறுபடி இழுத்தது: இதோ, உங்கள் வீடு தேடி. தெருவில் ஒரு தட்டும் இல்லை. ஒரே நாளில் இரண்டாம் முறை கரைக்க யாருக்கும் மனமில்லை. எல்லா வீட்டிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சுண்ணாம்பு எங்கக்கா இருக்கு? நான் கரைச்சுத் தர்றேன்," என்றேன்.

"வேணாம்டா. இவரு என்ன சொல்வாரு? ஷட்டர் அந்தப் பக்கம்னுவாரு."

இக்கரை வேட்பாளர் வந்தார். தட்டு இல்லாத தெருவில் வண்டி வேகம் குறையவில்லை. அவர் கையசைத்தார். வாசலில் நின்ற அக்கா கையசைத்தாள். பக்கத்தில் நின்ற என் கையும் தானாக மேலே போனது. அவர் வண்டி தெருவைத் தாண்டிய பிறகும், அவர் வந்துகொண்டிருப்பதாகவே ஆட்டோ சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா உள்ளே போய் போனை எடுத்தாள். "ஆமாங்க. நீங்க வந்து குட்டைக்கு அளந்துக்கங்க." அவ்வளவுதான். பிறகு ரசத்துக்குப் புளி கரைக்க உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வாக்கும் இல்லை. என் ஓட்டு எப்போதோ சென்னைக்கு மாறிவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு வந்தாள். ஒவ்வொரு முறையும் தருகிற அரிசிப் பை, இந்த முறை தூக்க முடியாத கனம். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னலோரம் இரண்டடி கூடவே நடந்து வந்து, பையின் வாய்க்கட்டை ஒருமுறை இறுக்கிவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த தடவ வர்றப்ப நீ அரிசி வாங்கிட்டு வாடா."