ஆஃப்சைடும் மிளகுப்பொடி டப்பாவும்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்து பால் காய்ச்சினேன். டிகாஷன் இறங்குவதற்குள் ஒரு ஈடு இட்லி வைத்தேன். பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆறரைக்குக் கணவர் குளித்துவிட்டு மெரூன் நிறச் சட்டையில் வந்தார். அது அவருடைய பழைய அணியின் நிறம். அந்தக் காலத்து ஜெர்சி இப்போது அவருக்குத் தலை வழியாகவே இறங்காது என்பதால் அதே நிறத்தில் நான் வாங்கிக் கொடுத்த சட்டை.

குளிர்காலம் முழுவதும் எங்கள் ஞாயிறுகள் இப்படித்தான். தார்நாகாவிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, செகந்திராபாத் ரயில்வே மைதானத்துக்குப் போவோம். அங்கே காலை வேளையில் உள்ளூர்க் கால்பந்து லீக் ஆட்டங்கள் நடக்கும். ரயில்வே காலனி அணிக்குப் பெரிய பெயர் எதுவும் கிடையாது. ஆனால் கணவர் அந்தக் காலனியில் பிறந்தவர். அவருடைய தாத்தா அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முழங்கால் கெடும் வரை கணவர் அந்த அணியில் பேக்காக, கோலைக் காக்கும் பின்வரிசையில், ஆடினார். இப்போது குஷாய்குடாவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. தினமும் லாரிகள் ஓடும் சாலையில் ஸ்கூட்டரில் போய் வருகிறார்.

சாதாரணமாக அவர் யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். வாங்கி வந்த தக்காளி அழுகியிருந்தால் கடைக்காரரிடம் கேட்க என்னைத்தான் அனுப்புவார். ஆனால் விசில் சத்தம் கேட்டுவிட்டால் வேறு ஆள். நடுவர்களோடு அவருக்கு இருக்கும் பிணக்கு எங்கள் கல்யாணத்தைவிடப் பழையது. ஞாயிற்றுக்கிழமை கொடுக்காத பெனால்டியைப் பற்றிப் புதன்கிழமை சாப்பிடும்போது திடீரென்று பேசுவார். "கையில பட்டுச்சும்மா. மைதானத்துக்கே தெரிஞ்சது, அந்த ஒரு ஆளுக்குத் தவிர" என்பார். எந்தக் கை, எந்த மைதானம் என்று நான் கேட்பதில்லை. ரசத்தை ஊற்றிவிடுவேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு முறை நடக்கும். இரண்டாவது ஆட்டம் சாப்பாட்டு மேசையில். சமையலறை அலமாரியில் இருக்கும் டப்பாக்கள்தான் ஆட்டக்காரர்கள். ஊறுகாய் ஜாடி எப்போதும் கோல்கீப்பர். இரண்டு டம்ளர்கள் கோல் கம்பங்கள். சந்தேகத்துக்குரிய தீர்ப்பை அவர் மேசையில் அப்படியே அடுக்கிக் காட்டுவார். தீர்ப்பு முடியும் வரை சோறு வராது. கல்யாணமான புதிதில் இந்த மேசையில்தான் நான் ஆஃப்சைடு கற்றுக்கொண்டேன். பந்து உதைக்கப்படும் நொடியில் முன்னால் நிற்கும் ஆளுக்கும் கோலுக்கும் நடுவே, கோல்கீப்பரைத் தவிர எதிரணியில் இன்னும் ஒருவராவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆஃப்சைடு, கோல் செல்லாது. கடுகு டப்பாவையும் பெருங்காய டப்பாவையும் வைத்து அதை அவர் சொல்லிக்கொடுத்த பொறுமை, நான் படித்த கல்லூரியில் யாரிடமும் இருந்ததில்லை.

பெரும்பாலும் அவர் அடுக்குவது சரியாகவே இருக்கும். பேக்காக ஆடியவருக்கு யார் எங்கே நின்றார்கள் என்பது மறக்காது. நான் ஓர் ஆய்வகத்தில் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டி அடுக்கி வைக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு பொருள் அதற்குரிய இடத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி. அவர் அடுக்குவதைப் பார்ப்பதிலும் அந்த நிம்மதி இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் அது மாறியது. மாதாப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, மறுநாள் தன் வண்டியில் மைதானத்துக்கும் வருவாள். அவள் போனில் எடுக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் நடுவர் பக்கமே சாட்சி சொல்லின. அவர் வீடியோவின் மேலும் கோபப்பட்டார். "இது எடுத்த கோணமே தப்பு" என்றார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மேசையிலிருந்து டப்பாக்களைத் திரும்ப எடுத்து வைக்கும்போது அவர் முகம் வாடியிருந்ததை நான் கவனித்தேன். வயதாகிறது, தோல்வி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நாங்கள் எப்போதும்போல நடுக்கோட்டுக்கு நேராக, சிமென்ட் படியில் உட்கார்ந்தோம். இரண்டாம் பாதியில் எங்கள் அணி காக்கும் கோல் இடது கைப் பக்கம். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரர் ஒருவர் நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து தூக்கினார். அவர்களுடைய முன்வரிசை ஆள் அதை வாங்கி, ஓடி, கோல் போட்டுவிட்டார். நடுவர் விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். கோல்.

கணவர் எழுந்துவிட்டார். "ஆஃப்சைடு! யோவ், கண்ணு தெரியலையாய்யா உனக்கு?"

நடுவர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு வாரமும் இவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர். கோட்டோரம் வந்து, டிஃபெண்டர் இருக்கிறார் என்று தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார்: "சார், டிஃபெண்டர் உன்னாடு சார்."

"எக்கட உன்னாடு? காட்டு பார்ப்போம். ஒரு ஆள் இல்லை அங்கே."

"உன்னாடு சார். கூர்ச்சோண்டி." உட்காரும்படி கையைக் காட்டினார்.

பின்னால் உட்கார்ந்திருந்த காலனிக்காரர் ஒருவர், "விடு அண்ணா, நக்கோ, வேணாம். அடுத்த வாரம் நீயே விசில் எடுத்துட்டு வா" என்றார். படி முழுக்கச் சிரித்தது. கணவர் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கச் சந்திலிருந்து ஓர் ஆட்டோ மெதுவாகத்தான் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவரும் பார்த்திருப்பார் என்று சும்மா இருந்தேன். அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஆட்டோக்காரர் பிரேக் போட்டு, ஹாரன் அடித்து, உருதுவில் திட்டினார். கணவர் வண்டியை ஓரம் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"எங்கேருந்து வந்தான் இவன்?" என்றார்.

போன மாதம் ஸ்கூட்டரின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தபோதும் இதையேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் டப்பாக்களை எடுக்கப் போய்விட்டார். மகள் எங்களுக்கு முன்பே வந்து சோபாவில் காலை நீட்டியிருந்தாள். "அப்பா, பிளீஸ். அது ஆன்சைடு. வீடியோ உந்தி நா தக்கற" என்றாள். வீடியோ தன்னிடம் இருக்கிறது என்பது அதன் பொருள். தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில்தான் வேறு பாஷைகளில் வரும்.

"உன் வீடியோவ நீயே வெச்சுக்கோ பாப்பா. நான் என் கண்ணால பார்த்தேன்."

அவர் அடுக்கினார். மைதானத்தில் தெரிந்தது போலவே, அவருக்கு இடது கோடியில் கோல். ஊறுகாய் ஜாடி, அதற்கு முன்னால் எங்கள் பேக்குகளாக உப்பு, மஞ்சள், தனியா. எதிரணி ஆளாகச் சாம்பார்ப் பொடி டப்பா, அவர்களைத் தாண்டி. "பாரு. இவனுக்கும் கோலுக்கும் நடுவுல யாரு இருக்கா? கீப்பரு மட்டும்தான். ஹவ்வா இல்லையா? ஆமான்னு சொல்லு."

அவர் வைத்தபடி பார்த்தால் அது ஆஃப்சைடுதான்.

மகள் போனை என்னிடம் நீட்டினாள். உதை விழும் நொடியில் நிறுத்தியிருந்தாள். எல்லாரும் அவர் அடுக்கிய இடத்திலேயே இருந்தார்கள், அங்குலம் பிசகாமல். ஒரே ஓர் ஆளைத் தவிர. எங்கள் பேக் ஒருவர் எல்லாருக்கும் இடதுபுறமாக, கோல் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்தங்கி நின்றார். மெரூன் சட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

நான் மிளகுப்பொடி டப்பாவை எடுத்து, அந்த ஆள் நின்ற இடத்தில் வைத்தேன். மூடி சரியாக மூடாத டப்பா.

கணவர் பேசிக்கொண்டே இருந்தார். சாம்பார்ப் பொடி ஓடும் வழியைக் காட்டக் கையை இடது பக்கமாக வீசினார். மிளகுப்பொடி டப்பா பறந்து போய்க் கீழே விழுந்து கொட்டியது.

"எங்கேருந்து வந்தது இது?" என்றார்.

மகள் தும்மினாள். நானும் தும்மினேன். அவரும் தும்மினார். மகள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவை அவர் கண்ணெதிரில்தான் வைத்தேன். ஆட்டோ அவர் கண்ணெதிரில்தான் வந்தது. இந்தக் குளிர்காலத்தில் அவர் சண்டை போட்ட தீர்ப்புகள் எல்லாம் எந்தப் பக்கத்துக் கோலில் என்று யோசித்தேன். அநேகமாக எல்லாம் இடது பக்கம்.

"என்னங்க, என் மூக்கையே பாருங்க. வேற எங்கேயும் பாக்கக்கூடாது."

"கைக்கு? எதுக்கு?"

"பாருங்க, சொல்றேன்."

எதிரில் உட்கார்ந்து, இரண்டு கரண்டிகளை எடுத்து, ஒன்றை அவருடைய வலது பக்கமும் மற்றதை இடது பக்கமும் தூக்கிப் பிடித்தேன். "எத்தனை கரண்டி?"

"ஒண்ணு. என்ன விளையாட்டு இது?"

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். இடது கரண்டியை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தேன். என் காதைத் தாண்டி, கன்னத்துக்கு அருகில் வந்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"அது எப்போலேருந்து அங்கே இருக்கு?"

"முதல்லேருந்தே."

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு தலையை முழுதாக இடது பக்கம் திருப்பி, ஊறுகாய் ஜாடிக்கு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். மகளின் போனைக் கேட்டு வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். சின்னத் திரை, அதில் எல்லாரும் தெரிந்தார்கள்.

"நின்னுட்டுதான் இருக்கான், பாவம்" என்றார்.

அவர் கண்ணில் என்ன கோளாறு என்பதற்கு மருத்துவர் பிற்பாடு சொன்ன பெயர் இங்கே தேவையில்லை. அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். திங்கட்கிழமை காலை அவர் அந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போகக்கூடாது. அதை நான் சொன்னபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அதெல்லாம் நக்கோ. முப்பது வருஷமா ஓட்டுற ரோடு. கண்ணை மூடிட்டுப் போவேன்."

"அப்படித்தான் போயிட்டிருக்கீங்க" என்றேன். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

"சீசன் முடியட்டும். அப்புறம் டாக்டரைப் பார்ப்போம்."

"அப்பா," என்றாள் மகள். அவள் தமிழில் பேச ஆரம்பித்தால் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுப்பாள். "நாளைக்கு காலைல நான் லீவு போடுறேன். மூணு பேரும் ஆஸ்பத்திரி போறோம். நீ வண்டி எடுத்தா... எனக்கு பயமா இருக்குப்பா."

அவர் எழுந்து, ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது. நான் மிளகுப்பொடியைப் பெருக்கினேன். சோறு வைத்தேன். தண்ணீர் டம்ளரை அவருடைய வலது கைப் பக்கம் வைத்தேன். கவனித்தார்.

மாலை டீ குடிக்கும்போது பால்கனியில் நின்றபடி, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ரெஃப்ரி மனுஷன் என்ன நினைச்சிருப்பான்? இத்தனை வாரமா."

"உங்களுக்குக் காலனி மேல அவ்வளவு பாசம்னு நினைச்சிருப்பாரு."

"உன்னாடு சார், உன்னாடு சார்னு எவ்வளவு மரியாதையா சொன்னான்." ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "போன மாசம் அந்தப் பெனால்டி மட்டும் நிஜம். அது வலது பக்கம்" என்றார்.

"அது நிஜம்தான். நானும் பார்த்தேன்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. மகள் உள்ளே போனில் ஆஸ்பத்திரி நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவி அவர் பையிலேயே இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. கேட்டு வாங்கினாலும் இன்னொரு சாவி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை. எழுந்தவுடன் ஆணியைப் பார்த்தேன். சாவி இல்லை. படுக்கையில் அவரும் இல்லை. பால் வைக்காமல், செருப்புக்கூடப் போடாமல் படி இறங்கினேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் இருந்தார். ஸ்கூட்டரைத் துடைத்து முடித்து, மழைக்காலத்தில் மட்டும் போடும் உறையை அதன்மேல் விரித்துக்கொண்டிருந்தார். வலது பக்கக் கயிற்றைக் கட்டிவிட்டார். இடது பக்கக் கயிறு எங்கே தொங்குகிறது என்று கையால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சாவியை நீட்டினார்.

சாவியை வாங்கிக்கொண்டேன். இடது பக்கத்தை நான் கட்டினேன்.