கரை மாஸ்டர் போட்டுக்கொண்ட நாற்காலி

உள்ளறையிலிருந்து விசில் சத்தம் வீட்டையே கிழித்துக்கொண்டு வந்தது. கூடத்து நாற்காலியில் இருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆணியில் தொங்கிய அவருடைய விசிலைத்தான் தங்கை எடுத்து ஊதியிருக்கிறாள்.

“என்னண்ணா, ஊதினா எழுந்திருப்பேன்னு பார்த்தேன். இதுக்கும் அசையலையே!” விசிலும் கையுமாக எதிரே வந்து நின்றாள்.

“முதல்ல உட்காரு.”

“உட்கார்றது உன் தொழில். எனக்கு வராது.”

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவிக்குச் சுருக்கென்றது. “அண்ணன்கிட்டப் பேசற பேச்சா இது?”

“நீங்க சும்மா இருங்க அண்ணி. தோள் போய்ப் படுத்திருக்கிறது என் பொண்ணு.”

நீச்சல் குளத்தில் அவருக்குக் கரை மாஸ்டர் என்றுதான் பெயர். மற்ற பயிற்சியாளர்கள் ஒரு மூலையில் நின்று கத்துவார்கள். இவர் நீந்துகிற பிள்ளைக்குப் பக்கத்திலேயே கரையில் நடப்பார், அதுவும் கடைசியாக வருகிற பிள்ளைக்குப் பக்கத்தில். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்கும். ‘எங்க வீட்டுத் துணிக்கொடி என்னைக்குக் காஞ்சிருக்கு!’ என்று மனைவி அலுத்துக்கொள்வதிலும் ஒரு பெருமை இருந்தது. தங்கை மகளை முதன்முதலில் தண்ணீரில் இறக்கியவரும் அவர்தான்.

தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியானபோது, இவருக்குத்தான் என்று கூட வேலை செய்தவர்கள் முன்கூட்டியே கைகுலுக்கிவிட்டார்கள். பதவியோ கிளப் தலைவரின் மருமகனுக்குப் போனது. மறுநாள் கரை மாஸ்டர் நிழலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நேரத்துக்கு விசில் ஊதுவார், நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் தப்பாக நீந்தினால், பெரிய பதவிக்காரன் திருத்தட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொடி காய்ந்து கிடந்தது.

“ரொம்ப நாளா வலது கையைக் குறுக்க வீசி வீசி நீந்தியிருக்கா, அதான் தோள் கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றார். மாநிலப் போட்டி போச்சு.” தங்கையின் குரல் உடைந்தது. “அந்தப் பைத்தியம் என்ன சொல்லுது தெரியுமா? ‘மாமா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தார், தப்புன்னா சொல்லியிருப்பாரே’ங்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நீந்தியிருக்கு!”

அவர் தலை கவிழ்ந்தது.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுண்ணா. வயசாச்சு, கண்ணு மங்கிப்போச்சு, கவனிக்கலைன்னு சொல்லு. எல்லாத்தையும் விழுங்கிடறேன். தோள் சரியானதும் உன்கிட்டயே கொண்டுவந்து விடறேன்.”

‘சொல்லித் தொலைங்களேன்’ என்று மனைவி கண்ணால் கெஞ்சினாள். ஒரு பொய் சொன்னால் குழந்தை திரும்பிவிடும். ஆனால் பதவி போய், மரியாதை போய், அவரிடம் மிச்சமிருந்தது அந்தக் கண் ஒன்றுதான். எதிர்க்கரையிலிருந்தே ஒரு முழங்கை இறங்குவதைக் கண்டுபிடிக்கிற கண். அதையும் தன் வாயாலேயே குருடென்று சொல்வதா?

“பார்த்தேன்” என்றார். “முதல் நாளே பார்த்தேன்.”

தங்கை அவரையே வெறித்தாள். “பதவி கொடுத்தாத்தான் வாய் திறக்குமா உனக்கு? கூலிக்கு வந்தவன்கூட ஒரு சத்தம் போட்டிருப்பானே! இனிமே நீ அவளுக்கு மாமா இல்ல. எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதே.”

விசிலை அவர் மடியில் எறிந்துவிட்டு நடந்தாள். அப்போதுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். விசில் தரையில் உருண்டது. சுவரோரமாக, அவள் பக்கத்திலேயே வாசல்வரை நடந்தார். பேச வாயெடுத்தார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே போய், கதவை அவர் முகத்துக்கு நேராக இழுத்துச் சாத்தினாள்.