ஓகிரேடிக்கு முன்கூட்டியே அழுதவள்

1976 ஏப்ரல் 9: புல்வெட்டும் மெஷின், 4 டொலர்.
1976 ஏப்ரல் 9: ரேடியோ, 2 டொலர்.
1976 ஏப்ரல் 10: தோல் சூட்கேஸ், புத்தம் புதியது, 3 டொலர்.

விற்றவர் டெனிஸ் ஓகிரேடி. ரயில் கார்ட்டாக வேலைசெய்து ஓய்வுபெற்று, நோபல் பார்க் என்ற புறநகரில் தனியாக இருந்த ஐரிஷ்காரர். வாங்கியவர் பக்கத்து வீட்டு யோகேஸ்வரன். அவருக்குப் பரம சந்தோஷம். அவருடைய மனைவி சந்திரகலாவுக்குத்தான் சூட்கேஸைக் கண்டதும் மனம் உறுத்தியது. அயர்லாந்தில் இருக்கும் தங்கச்சி பிரிஜிட்டை முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கப் போகவென்று மனுஷன் ஆசையாக வாங்கிய பெட்டி அது. மே மாதம் பயணம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

"ஏனாம் விக்கிறார்?"

"சாகப் போறாராம்."

"ஐயோ, என்னப்பா, என்ன வருத்தமாம், டொக்டர் ஏதும் சொன்னவரோ?"

"ஒரு வருத்தமும் இல்லையாம். திங்கக்கிழமை டிக்கெட்டையும் திருப்பிக் குடுக்கப் போறாராம். சைக்கிள் ஒண்டும் கிடக்குது, நாளைக்குக் கேட்டுப் பாப்பம்."

சந்திரகலா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஓகிரேடி முகம் மழித்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, சவப்பெட்டிக்குள் வைக்கத் தயாரானவர்போல நின்றார். கையில் அடுப்புக் குறடு. குறட்டு நுனியில் ஒரு சீப்பு.

"தொடாதேங்கோ, மிஸஸ் யோகா! இது பான்ஷீயின்ரை சீப்பு."

அயர்லாந்தின் பழைய குடும்பங்களுக்கென்று ஒருத்தி இருக்கிறாளாம். வீட்டில் ஒருவர் சாகப் போனால் அவள் முன்கூட்டியே வந்து அழுவாளாம். வியாழன் பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டாள். வெள்ளை உடுப்பு, இடுப்புவரை ஈரத் தலைமயிர், சீவிச் சீவி ஓலம். மறுநாள் காலையில் வேலியடியில் இந்தச் சீப்பு.

"கையால தொட்டால் ஆளையும் கொண்டு போயிடுவாள். குறட்டாலை பிடிச்சு ஜன்னலுக்கு வெளியில நீட்டோணும். ரெண்டு நாளா நீட்டிறன். வாங்க வாறாள் இல்லை."

சீப்பில் மூன்று பல் இல்லை. தேங்காய் எண்ணெய் மணத்தது. அது சந்திரகலாவின் சீப்பு. வியாழக்கிழமைதான் சாவகச்சேரியில் சின்னம்மா செத்துப்போனார் என்று தந்தி வந்தது. அவள் தலைமுழுகி, வெள்ளைச் சேலை உடுத்து, வீட்டுக்குள் அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று உடுப்புக் கொடிக்குக் கீழே போய் நின்று வாய்விட்டு அழுதாள்.

"அது நான்தான், மிஸ்டர் ஓகிரேடி."

"என்னைத் தேத்திறதுக்காகச் சொல்லுறியள்."

எவ்வளவு சொல்லியும் மனுஷன் அசையவில்லை. திங்கட்கிழமை டிக்கெட் போய்விடும். வேறு வழியில்லாமல் அவள் கொண்டையை அவிழ்த்தாள். அவருடைய வரவேற்பறை நடுவில் நின்று, சின்னம்மாவை நினைத்து ஒரே ஒரு ஒப்பாரி வைத்தாள்.

குறடு கீழே விழுந்தது.

"அதே குரல்!" என்றார் ஓகிரேடி. பிறகு முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப எனக்கெண்டு ஒருத்தியும் வரேல்லையா?"

"எங்கடை ஆக்கள் செத்தாப் பிறகுதான் அழுவினம். உயிரோடை இருக்கிற மனுஷரை வெருட்டிறது மரியாதையில்லை."

அவர் சீப்பைக் கையாலேயே எடுத்து அவளிடம் கொடுத்தார். "அப்பிடியெண்டால் என்ரை முறைக்கு நீங்கள்தான்."

"ஓம். பெட்டியைத் திருப்பித் தாறம், அடுக்குங்கோ."

யோகேஸ்வரன் புல்வெட்டும் மெஷினைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனபோது, சாவு விழுந்தது இவர் வீட்டில்தான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மே மாதம் போன ஓகிரேடி திரும்பி வரவில்லை. தங்கச்சியோடேயே தங்கிவிட்டார். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் கடிதம் வரும்: "இங்கையுள்ள பான்ஷீ இன்னும் எட்டிப் பாக்கேல்லை. சரியான சோம்பேறி."

கடைசிக் கடிதம் பிரிஜிட்டின் கையெழுத்தில் வந்தது. அண்ணன் நித்திரையிலேயே போய்விட்டார், யாருக்கும் எந்த அழுகுரலும் கேட்கவில்லை, 'எனக்கு அழுகிறவள் நோபல் பார்க்கில் இருக்கிறாள், அவளுக்கு அறிவித்துவிடு' என்று அவர் முன்பே சொல்லியிருந்தார் என எழுதியிருந்தாள்.

சந்திரகலா தலைமுழுகி, வெள்ளைச் சேலை உடுத்து, உடுப்புக் கொடிக்குக் கீழே போனாள். அதற்கு முதலே யோகேஸ்வரன் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் தட்டி, ஒருவரும் ஒரு சாமானையும் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடிதம் வந்தது 1979 ஜூன் 14, வியாழக்கிழமை.