பவேரியாவுக்கு எதிராக வின்சென்ஸ்

காலையில் கறுப்புச் சட்டையை மாட்டியதும் வின்சென்ஸ் ஹாஸ்லிங்கர் செய்கிற முதல் வேலை, முற்றத்துக் கம்பத்தில் தன் ஜெர்மன் மாநிலமான பவேரியாவின் நீல வெள்ளைக் கொடியை ஏற்றுவது. அப்புறம்தான் காப்பி. ஊரார் வீட்டுப் புகைபோக்கிகளைத் துடைப்பது அவர் தொழில். எதிரே வருகிறவர்கள் அவர் சட்டைக் கையைத் தொட்டுக்கொள்வார்கள், அதிர்ஷ்டமாம். "தாராளமா தொடுங்க. கரி ஒட்டினா என்னைத் திட்டாதீங்க" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நிர்வாக நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தது: 'ஹாஸ்லிங்கர், எதிர், பவேரிய மாநிலம்.' ஆடிப்போய்விட்டார். அவருடைய வழக்கு பக்கத்து வீட்டுக் குவிரினின் புது மாட்டுக் கொட்டகையைப் பற்றியது. இடுப்பெலும்பு முறிந்த மனைவி புர்கி நாள் முழுக்கச் சமையலறை ஜன்னலோரம் பின்னலும் கையுமாக இருக்கிறாள். அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த வெயில் ஒன்றுதான். கொட்டகை அதையும் விழுங்கிவிட்டது.

"கட்டினவன் நீ. நான் எப்போடா பவேரியா மேல கேஸ் போட்டேன்?" என்று குவிரினையே கேட்டார், சீட்டாடிக்கொண்டே.

"எனக்கு அனுமதி கொடுத்தது மாவட்ட ஆபீஸ். அது மாநிலத்தோடது. இந்தக் கோர்ட்டு ஆபீஸைத்தான் கேள்வி கேட்கும். நான் சும்மா வந்து உட்காரணுமாம்."

"அப்போ நான் யாரோட பேசாம இருக்கணும்?"

குவிரின் தன் சீட்டைப் போட்டான்.

ஒரு நாள், இடத்தை நேரில் பார்க்க, ரேகன்ஸ்பர்க் நகரத்திலிருந்து நீதிமன்றமே முற்றத்தில் வந்து இறங்கியது. ரப்பர் பூட்ஸ் போட்ட பெண் நீதிபதி அளவு நாடாவைப் பிடிக்கச் சொன்னார். மாவட்ட அதிகாரி வின்சென்ஸிடம் கைகுலுக்கிவிட்டு, மறக்காமல் சட்டைக் கையையும் தொட்டுக்கொண்டார்.

"எனக்கு எதிரா வந்தவருக்கு அதிர்ஷ்டத்தையும் நானே கொடுக்கணுமா?" என்று ஜன்னல் வழியே புர்கியிடம் முணுமுணுத்தார். குழப்பத்தில் கோபம்கூட அவருக்கு ஒழுங்காக வரவில்லை; பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு எல்லோரும் சமையலறைக்கு வந்தார்கள். நடுப்பகல். நீதிபதி கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் சொன்னார்: "இடைவெளி விதிப்படி இருக்கிறது. நேர் வெயில் இல்லை. ஆனாலும் அறைக்குப் போதிய வெளிச்சம் இருக்கிறது." அப்புறம் வின்சென்ஸ் பக்கம் திரும்பி, "வழக்கு நிக்காதுங்க ஐயா. நீங்களே வாபஸ் வாங்கிட்டா செலவாவது குறையும்" என்றார்.

யாரிடம் தோற்றோம் என்று புரியாமல் அவர் அதிகாரியைப் பார்த்தார், குவிரினைப் பார்த்தார். குவிரின் தரையைப் பார்த்தான்.

"சரிங்கம்மா," என்றார் கடைசியில். "பவேரியாவோட எனக்கென்ன சண்டை."

நீதிபதி அதையும் பதிவு செய்தார். புர்கி விட்டுப்போன கண்ணியைத் தேடி, பின்னலை முகத்தருகே கொண்டுபோனாள். வின்சென்ஸ், தினமும் செய்வதுபோல, எட்டி விளக்கைப் போட்டார்.